தரையிலிருந்து தூக்காத மூட்டை

ஹனீபாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது மீன் ஏற்றும் தள்ளுவண்டியில். குப்புறக் கிடந்தார். ஆறடி ஆள் என்பதால் முழங்காலுக்குக் கீழே கால்கள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

வண்டியைத் தள்ளிவந்த நாலு பேரின் உடம்பிலும் கோதுமை மா அப்பியிருந்தது. வியர்வை வழிந்த கோடுகளில் மட்டும் தோல் தெரிந்தது. துறைமுகத்தில் மாக்கப்பல் நிற்கிறது என்பதை அவர்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

தூக்கி உள்ளே கொண்டுபோகக் கை வைத்தபோது, தொடவேண்டாம் என்று ஹனீபா மெல்லச் சொன்னார். கத்தவில்லை. கத்தினால் இடுப்பு அசைந்துவிடும் என்ற பயம். மூச்சைக்கூடச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெரிய மனிதன் அப்படி மூச்சைச் சிக்கனமாக விடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசியில் வண்டியோடு சேர்த்தே நோயாளர் வாட்டுக்குள் உருட்டிக்கொண்டு போனோம். மீன் நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

கப்பியும் மெழுகும்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் கொழும்பில் உடற்பயிற்சிச் சிகிச்சை படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். எனக்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். அதற்கு முன்பு அது பழைய கட்டில்கள் அடுக்கிய அறை. அதற்குள் ஒரு மரக்கட்டில், சுவரில் கயிறு போட்ட ஒரு கப்பி, மெழுகு உருக்கும் ஒரு தொட்டி, இவற்றோடு நான்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே பலருக்குத் தெரியாது. எண்ணெய் தேய்த்துவிடும் பிள்ளை என்றுதான் என்னைச் சொன்னார்கள். முதல் மாதம் வந்தவர்கள் மொத்தமே ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் பல்வலிக்காரர், அறை மாறி வந்தவர்.

பெரிய டொக்டர் ஹனீபாவைப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, காலில் உணர்வு இருக்கிறது, தசை இறுகிப் பிடித்திருக்கிறது என்றார். மெத்தைக்குக் கீழே பலகை போட்டுக் கிடத்தச் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். முதுகு பிடித்தால் படு, வலி போகும்வரை படு.

ஆனால் ஹனீபாவுக்கு இது மூன்றாவது தடவை. முதல் தடவை பத்து நாள் படுத்தார், இரண்டாவது தடவை ஒரு மாதம். ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் மூட்டை தூக்கியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட மோசமாக விழுந்திருக்கிறார். கப்பல் சரக்கு இறக்கும் ஜெட்டியில் கூலிக்கு ஆள் எடுக்கும் கொந்தராத்துக்காரர் இந்தத் தடவை ஒரு மாதம்தான் இடம் வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு வேறு ஆள்.

அவர் மனைவி ஆயிஷா கிண்ணியாவிலிருந்து தினமும் வந்தார். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் கடல்வாயைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து, கையில் சோற்றுப் பாத்திரத்தோடு. அதிகம் கதைக்காத பெண். மூன்றாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மிஸ்ஸி, ரெண்டுதரம் படுத்து எழும்பிட்டார். மூண்டாந்தரம் எழும்பமாட்டார் எண்டு எனக்கு விளங்குது. நீங்க வேற ஏதும் செய்ய ஏலுமா?"

தாதிகளை மிஸ்ஸி என்று கூப்பிடும் வழக்கத்தில் என்னையும் அப்படியே கூப்பிட்டார்கள். நான் தாதி இல்லை என்று திருத்துவதை அந்த வாரத்தோடு விட்டுவிட்டேன்.

கன்னியாவில் கிடைத்த ஒரு மணித்தியாலம்

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்மாவுக்குக் கை மூட்டுகள் வீங்கும் நோய். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே விரல்கள் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டன. காலையில் குசினிக்குள் போனால் தேங்காயைப் பிடிக்க ஏலாது. சுடுதண்ணீரில் கையை ஊறவைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

மாதத்துக்கு ஒருமுறை அப்பா எங்களைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி அள்ளி அம்மாவின் தோளிலும் கையிலும் ஊற்றுவது என் வேலை. ஈரமண்ணும் ஒருவித இரும்பு வாடையும் கலந்து வரும். பத்து வாளி ஊற்றியதும் அம்மாவின் முகம் மாறும். விரல்களை நீட்டி மடக்கிப் பார்ப்பார். திரும்பி வருகிற பஸ்ஸில் என் தலையைப் பின்னிவிடுவார். மற்ற நாளில் அது அவரால் முடியாத வேலை.

மறுநாள் காலை விரல்கள் பழையபடி.

கிணற்றுக்குப் போவது போதாது என்று அப்பா நினைத்தார். இன்னும் அடிக்கடி போகவேண்டும் என்றார். அம்மா சாகும்வரை நாங்கள் போய்க்கொண்டேயிருந்தோம்.

கொழும்பில் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. சூடு நோயைத் தீர்ப்பதில்லை, ஒரு மணித்தியாலத்தைத் தருகிறது. அந்த மணித்தியாலத்தில் இறுகிய தசை இளகியிருக்கும், மூட்டு சொன்னதைக் கேட்கும். அப்போது அதை அசைக்கவேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவேண்டும். அம்மாவின் அந்த மணித்தியாலங்களையெல்லாம் நாங்கள் பஸ்ஸில் இருந்து கழித்துவிட்டோம். அம்மாவின் நோய் தீர்ந்திருக்கும் என்று சொல்லமாட்டேன், அது தீராத நோய்தான். ஆனால் விரல்கள் இன்னும் சில வருஷம் வேலை செய்திருக்கும். அந்தக் கோபம் என்னிடம் நெடுநாள் இருந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

ஐந்து அடி

பெரிய டொக்டரிடம் போய், ஹனீபாவை அசைக்க அனுமதி கேட்டேன். மறுத்தார். இரண்டாம் நாளும் கேட்டேன். கால் மரத்துப்போனால் உடனே நிறுத்திவிட்டுத் தன்னைக் கூப்பிடவேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

ஆயிஷாவிடம் கல்லுப்பு கொண்டுவரச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் குசினியில் அதை வறுத்துத் துணியில் பொட்டலமாகக் கட்டி, ஹனீபாவின் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தோம். சூடு ஏறியதும் வலது முழங்காலை மடக்கி நெஞ்சுப் பக்கம் கொண்டுவரச் சொன்னேன். பாதி தூரம்தான் வந்தது. பிறகு இடது கால். ஒவ்வொன்றும் ஐந்து தரம். அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த நாள் எழுந்திருக்கப் பழக்கினேன். நிமிர்ந்தபடி எழும்பக்கூடாது. பக்கவாட்டில் உருண்டு, காலைத் தொங்கவிட்டு, கையால் ஊன்றி எழும்பவேண்டும். ஹனீபா உருண்டார், ஊன்றினார், நின்றார். கட்டிலைப் பிடித்தபடி ஐந்து அடி நடந்தார். ஆறாவது அடியில் நின்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

வலியா என்று கேட்டேன்.

"வலி இல்ல மிஸ்ஸி. நான் மூட்டையோட ஓடுற ஆள். இப்ப அஞ்சடி நடந்ததுக்கு நீங்க கைதட்டுறீங்க."

நான் கைதட்டியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். பிறகு, பின்னேரம் பத்து அடி நடக்கவேண்டும், கைதட்டமாட்டேன் என்றேன்.

நடந்தார். இரண்டாவது கிழமை வராந்தாவின் முழு நீளமும் நடந்தார். சில நாள் வலி கூடி, என் முகத்தையே பார்க்க மறுத்தார். ஒருநாள் ஒத்தடப் பொட்டலத்தை எட்டித் தள்ளிவிட்டார். ஆயிஷா சிதறிய உப்பைக் கூட்டி அள்ளி, திரும்ப வறுத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஹனீபா தள்ளவில்லை.

எல்லோருக்கும் ஒரே பக்கம்

அந்த நாட்களில்தான் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. ஹனீபாவைப் பார்க்க ஜெட்டி ஆட்கள் வருவார்கள். சட்டையில்லாமல் துவாயை மட்டும் போட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் வலது தோள் இறங்கியிருந்தது. கழுத்தடியில் வலது பக்கம் காய்த்திருந்தது. கேட்டால், எல்லோருக்கும் இடுப்பின் இடது பக்கம்தான் வலி. விதிவிலக்கே இல்லை.

வயது வேறு, உயரம் வேறு, ஊர் வேறு. நோய் மட்டும் ஒன்று என்றால், அது ஆட்களில் இல்லை, வேலையில் இருக்கிறது.

ஜெட்டிக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று டொக்டரிடம் சொன்னேன். அது ஆஸ்பத்திரி வேலை இல்லை என்றார், கோபமில்லாமல். வீட்டில் அண்ணா கோபத்தோடு சொன்னார். எங்கள் அன்புவழிபுரத்தில் நாலு பேர் என்ன கதைப்பார்கள், கலியாணம் ஆகாத பெண் அரைநிர்வாணமாக நிற்கும் ஆம்பிளைகளுக்கு நடுவில் போவதா என்று கேட்டார். அவர்களை ஆஸ்பத்திரியில் தினமும் அப்படித்தான் பார்க்கிறேன் என்றேன். அண்ணா அன்று என்னோடு சாப்பிடவில்லை.

என் ஓய்வு நாளில் போனேன். ஹனீபாவும் மெல்ல நடந்து கூட வந்தார், ஆயிஷா குடை பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று பேரும் ஜெட்டி வாசலில் போய் நின்றதும் வேலை ஒரு கணம் நின்றது. யாரோ சீட்டியடித்தான். ஹனீபா திரும்பிப் பார்த்தார், சீட்டி நின்றது.

கொட்டகை நிழலில் இருந்து காலை முழுவதும் பார்த்தேன்.

கப்பல் தள்ளி நின்றது. மூட்டைகள் சரக்குப் படகில் வந்து ஜெட்டியின் தரையில் குவிந்தன. இரண்டு பேர் குனிந்து தரையிலிருந்து தூக்கி மூன்றாவது ஆளின் தோளில் ஏற்றினார்கள். ஏற்றும் இடத்தில் இடது பக்கம் இரும்புத் தூண்கள். அதனால் மூட்டை வலது தோளில்தான் ஏற முடியும். கொட்டகைக்குள் போனால் அடுக்கு இடது பக்கம். ஓடிவந்த வேகத்தில் காலை நகர்த்தாமல், இடுப்பை மட்டும் முறுக்கி மூட்டையை எறிந்தார்கள். திரும்ப ஓடினார்கள். விடியலிலிருந்து பொழுது சாயும்வரை, ஒவ்வொரு மூட்டைக்கும் அதே முறுக்கு.

கங்காணி நல்லதம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். மூட்டை தூக்கித் தூக்கியே கங்காணியானவர். என்ன கண்டுபிடித்தேன் என்று கேட்டார். சொன்னேன். மூட்டை வந்து இறங்க இடுப்பு உயரத்தில் ஒரு மேடை இருந்தால் தரையிலிருந்து தூக்கவேண்டியதில்லை. தூணைவிட்டுத் தள்ளி ஏற்றினால் ஒரு நடை வலது தோள், ஒரு நடை இடது தோள் என்று மாற்றலாம். எறியும்போது பாதம் திரும்பவேண்டும், இடுப்பு திரும்பக்கூடாது. காலையில் தொடங்குமுன் ஐந்து நிமிஷம் உடம்பைச் சூடாக்கவேண்டும்.

அவர் சிரித்தார். "பிள்ளை, நாங்கள் மூட்டை தூக்கிறனாங்கள். பரதநாட்டியம் ஆடுறேல்லை."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கொந்தராத்துக்காரர் சிரிக்கவில்லை. கப்பல் காத்துக்கொண்டு நிற்கிறது, ஆஸ்பத்திரியைப் போய்ப் பாருங்கள் என்றார்.

திரும்பி வரும் வழியில் எனக்கு அழுகை முட்டியது. ஆயிஷாவுக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஹனீபா தன் இடுப்பில் ஒரு கையை வைத்தபடி நடந்துவந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, மேடை என்ன உயரம் வேண்டும் என்று கேட்டார்.

மேடை

ஒரு மாதம் முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹனீபா வேலைக்குப் போய்ப் பெயர் கொடுத்தார். மூட்டை தூக்கப் போகவில்லை. கப்பலில் சரக்கு உருளாமல் முட்டுக்கொடுத்து வரும் மரத்துண்டுகள் ஜெட்டி ஓரத்தில் வீணாகக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கினார். கங்காணி பழைய சிநேகத்துக்காகப் பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிட்டார்.

முதல் மேடையைத் தன் இடுப்பளவுக்கு அடித்தார். மற்றவர்களுக்கு அது நெஞ்சளவு வந்தது. மறுபடி மேடையின் கால்களை அறுத்தார். மூதூரிலிருந்து வரும் ஓர் ஆள்தான் அந்தக் கூட்டத்திலேயே குள்ளம். அவரை நிறுத்தி வைத்து அளந்தார். இப்படி இரண்டு மேடை, இறக்கும் இடத்தில் ஒன்று, அடுக்கும் இடத்தில் ஒன்று.

முதல் கப்பலுக்கு நாலு பேர்தான் மேடையைப் பாவித்தார்கள். அதிலும் இருவர் வேடிக்கைக்காக. இரண்டாவது கப்பலுக்குப் பத்துப் பேர். நான் வேலை தொடங்குமுன் விடியவே போய்விடுவேன். கையைச் சுழற்றி, முழங்காலை மடக்கி, பாதத்தைத் திருப்பிக் காட்டுவேன். வெட்கம் மூன்று நாளில் போய்விட்டது, எனக்கும் அவர்களுக்கும். காகங்கள்தான் கடைசிவரை எங்களைப் பார்த்துக் கத்தின.

அண்ணா என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார். அண்ணி மட்டும் விடியற்காலையில் தேத்தண்ணி வைத்துத் தந்து, படலையைச் சத்தமில்லாமல் திறந்துவிடுவார்.

மூன்றாவது கப்பல் வந்தபோது கொந்தராத்துக்காரர் மேடைகளைப் பார்த்தார். வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, கடலில் தள்ளுங்கள் என்றார். யாரும் அசையவில்லை. தானே ஒரு மேடையை இழுத்து விளிம்புக்குக் கொண்டுபோய்க் காலால் உதைத்தார். அது கவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. ஹனீபா மற்ற மேடையின் மேல் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தூக்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். படகில் மூட்டைகள் குவிந்திருந்தன. கப்பலிலிருந்து ஒருவன் ஊதுகுழல் ஊதினான். கொந்தராத்துக்காரர் கங்காணியைப் பார்த்து, உன்னுடைய ஆட்களுக்கு என்ன வந்தது என்று கேட்டார்.

நல்லதம்பிக் கங்காணி தண்ணீரில் மிதந்த மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன ரெண்டு கப்பலுக்கும் எனக்கு ஒராள் விழேல்லை, ஐயா. முந்தி ஒரு கப்பலுக்கு மூண்டு பேர் விழுவாங்கள். விழுந்த ஆளுக்குப் பதில் ஆள் தேடித் திரிஞ்சது நான், நீங்களில்லை. அந்த மேடை கரைக்கு வரட்டும். அதுக்குப் பிறகு மூட்டை வரும்."

உரத்துச் சொல்லவில்லை. தேத்தண்ணி கேட்கிற குரலில் சொன்னார். கொந்தராத்துக்காரர் கப்பலைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், கொட்டகைக்குள் போய்விட்டார்.

இரண்டு பேர் தண்ணீரில் குதித்து மேடையை இழுத்து வந்தார்கள். ஈரத்தோடேயே அதன்மேல் மூட்டை ஏறியது.

கங்காணியின் தோள்

இதெல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று எழுத ஆசைதான். ஹனீபாவின் முதுகு அதன் பிறகு ஒரு முழு மூட்டையைத் தாங்கவில்லை. ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, இரண்டு நாள் என் அறையில் கிடந்தார். பிறகு மேடையடியில் நிற்கும் வேலையையே எடுத்துக்கொண்டார். யாருக்கு எந்தத் தோள் முறை என்று பார்த்து ஏற்றிவிடுவார். முறை மாறி ஏமாற்றுகிறவனைத் திருப்பி அனுப்புவார். பேச்சு வாங்காத ஆளே இல்லை. ஆயிஷா சோற்றுப் பாத்திரத்தை ஆஸ்பத்திரிக்குப் பதில் ஜெட்டிக்குக் கொடுத்தனுப்பத் தொடங்கினார்.

வலி ஜெட்டியை விட்டு அடியோடு போகவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் தள்ளுவண்டியில் ஆள் வருவது குறைந்தது. தாங்களாக நடந்து வந்தார்கள், வலி முற்றுவதற்குள் வந்தார்கள். என் அறைக்கு வெளியே அவர்கள் உட்கார ஒரு வாங்கு போடவேண்டி வந்தது.

மேடை கடலில் விழுந்து ஒரு கிழமை இருக்கும். மத்தியானம், வாங்கில் யாருமில்லாத நேரம், நல்லதம்பிக் கங்காணி வந்தார். கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். கதிரையில் உட்கார்ந்து, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். சட்டையைக் கழற்றச் சொன்னேன். இடது கையால் மட்டும் பொத்தானைக் கழற்றினார். வலது கை பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

தூக்கச் சொன்னேன். மார்பளவுக்கு வந்து நின்றுவிட்டது. நான் பிடித்து உயர்த்தியபோது தோள்பட்டை எலும்பும் சேர்ந்து மேலே வந்தது. தோள் மூட்டு பூட்டுப் போட்டதுபோல இறுகியிருந்தது.

எவ்வளவு காலம் என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம். தெரிஞ்சால் பெடியள் மதிப்பாங்களோ? கங்காணிக்குக் கை ஏலாது எண்டு. வீட்டிலை மனுசிதான் சட்டை போட்டுவிடுறவ. தலை சீவுறதும் அவதான்."

அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கையோடு நின்றா அப்படிச் சிரித்தார் என்றுதான் தோன்றியது.

சூடு வைத்தேன். கப்பிக் கயிற்றின் இரண்டு நுனியையும் இரண்டு கையில் கொடுத்து, நல்ல கையால் இழுத்து மற்றதை உயர்த்தச் சொன்னேன். சுவரோடு நிறுத்தி, விரல்களைச் சிலந்திபோல மேலே நடத்தச் சொன்னேன். எட்டிய இடத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். அடுத்த நாள் அந்தக் கோட்டைத் தாண்டவேண்டும், ஒரு நெல்மணி அளவாவது.

அவருக்கு வலித்தது. வலித்தபோதெல்லாம் ஜெட்டியில் திட்டுகிற வார்த்தைகள் வாய்வரைக்கும் வரும், என்னைப் பார்த்து விழுங்குவார். மழைகாலம் முழுவதும் வந்தார். சில கிழமை கோடு அசையவே இல்லை. வராமல் நின்றுவிடுவார் என்று நினைத்த நாளிலும் நனைந்துகொண்டு வந்தார். மத்தியானம், கதவு சாத்தி. பிறகு ஒருநாள் கதவைச் சாத்த மறந்தார். அதற்குப் பிறகு சாத்தவே இல்லை. பெடியள் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், கோடு எங்கே போனது என்று எனக்கு முன்னால் அவர்களே சொல்லுவார்கள்.

மாசி மாதமாக இருக்கவேண்டும், காற்று தணிந்திருந்தது. காலையில் வந்து வாசலில் நின்றார். தலையில் எண்ணெய் வைத்துப் படியச் சீவியிருந்தார். வகிடு மட்டும் நேராக இல்லை. நெற்றியில் தொடங்கி நடுவில் இடறி, உச்சிக்குப் போகாமல் காதுப்பக்கம் வந்து முடிந்தது.

யார் சீவிவிட்டது என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார்.